‘ஸ்டேஷன் ஜாமீன்லயே வந்துட்டாரே!’ – சாலை மரணங்களும் தண்டனையும்: வாசகர் கேள்வி பதில்

கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி உயிரைப் பறிப்பவர்களுக்கு இப்போதைய தண்டனை போதுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சென்னை வாசகர்கள் பதிலாகக் கேள்விகளையே அனுப்பிவிட்டார்கள். விபத்து வழக்குகளையும் தடயவியலையும் அறிந்தவர்கள் அவற்றுக்குப் பதில் தருகிறார்கள்.

எங்கள் தெருவில் நடந்து போன பெரியவரை கார் இடித்து, அவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். ஓட்டியவர் அன்று சாயங்காலமே வீட்டில் இருக்கிறார். ஒரு உயிருக்கு இவ்வளவுதானா?
– வாசகி, வேளச்சேரி

அவர் ஜாமீனில் வந்திருக்கிறார். வழக்கு அப்படியேதான் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.ஸில், 106(1) பிரிவு. விபத்து 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதாவது ஐ.பி.சி., 304-ஏ. பழையதில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, புதியதில் 5 ஆண்டு. இரண்டுமே ஜாமீனில் விட்டாக வேண்டிய குற்றங்கள். பிணையாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்ஸ்பெக்டர் மறுக்க முடியாது. ‘காசு வாங்கிட்டு விட்டுட்டாங்க’ என்று தெருவே பேசும். ஆனால் இந்தப் பிரிவில் வழக்கு பதிவானால் விடச் சொல்வது சட்டம்தான். கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிரிவு போட்டது சரியா என்பது.

இன்னொன்றும் வெளியே அதிகம் தெரியாது. சட்டத்தில் 5 ஆண்டு என்று இருந்தாலும், இந்த வழக்கை விசாரிக்கும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டால் 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று அவர் நினைத்தால், 7 ஆண்டு வரை விதிக்க அதிகாரம் உள்ள தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு வழக்கை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் எழுந்து கேட்டால்தான் இது நடக்கும். ஆகவே கூட்டிய 3 ஆண்டில் 2 ஆண்டு பல வழக்குகளில் காகிதத்திலேயே நின்றுவிடும்.

குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றவர் மேல் கொலை வழக்கு ஏன் போடக் கூடாது?
– வாசகர், கீழ்க்கட்டளை

கொலைக்கு, கொல்லும் நோக்கம் அல்லது அதற்கு நெருக்கமான ஒன்று வேண்டும். குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிப்பவரிடம் அதைக் காட்டுவது கடினம். ஆனால் கொலைக்கும் கவனக்குறைவுக்கும் நடுவே 105-வது பிரிவு இருக்கிறது. ‘இப்படி ஓட்டினால் யாராவது சாகலாம்’ என்று தெரிந்தே ஓட்டியிருந்தால் 10 ஆண்டு வரை சிறை. ஜாமீனை நீதிமன்றம்தான் தர வேண்டும், விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும்.

2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் கார் ஏறி 7 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் இதே பொருளுள்ள பழைய ஐ.பி.சி. 304 இரண்டாம் பகுதியின் கீழ் கொடுத்த 3 ஆண்டு தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்தது. அதே ஆண்டு, 1999-ல் 6 பேர் இறந்த டெல்லி பி.எம்.டபிள்யூ வழக்கிலும் அதே பிரிவுதான் பொருந்தும் என்றது. ஆனால் ஏற்கெனவே அனுபவித்த 2 ஆண்டு போதும் என்று சொல்லி, 50 லட்சம் ரூபாய் செலுத்தவும் 2 ஆண்டு சமூக சேவை செய்யவும் உத்தரவிட்டது. பிரிவு ஏறியும் சிறை நாள் ஏறவில்லை.

எது ஒரு வழக்கை 106-லிருந்து 105-க்குத் தூக்கும்? மது மட்டும் போதாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ன் கீழ் குற்றம்தான். ஆனால் அது தனிக் குற்றம், சிறியது. மதுவோடு எதிர்த்திசையில் வருவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ரேஸ் விடுவது, மோதிய பிறகும் ஆளை இழுத்துக்கொண்டு போவது போன்ற ஒன்று சேர வேண்டும். இதில் கனமான சாட்சி பக்கத்து சீட்டில் இருந்தவர். ‘மெதுவா போ, நீ குடிச்சிருக்கேன்னு சொன்னேன், கேட்கலை’ என்று அவர் சொன்னால் ‘தெரிந்தே’ என்பது அங்கேயே நிற்கிறது. அவரிடம் வாக்குமூலம் வாங்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

என் தம்பி பைக்கில் போகும்போது கார் மோதி இறந்துவிட்டான். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். குடும்பத்தார் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.
– வாசகி, பள்ளிக்கரணை

முதல் வாரம் விட்டுப்போனது பிறகு எந்த வக்கீல் வந்தாலும் கிடைக்காது. வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகல். அது இலவசம், கேட்டு வாங்குங்கள். சென்னையில் விபத்து வழக்கு சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் இருக்காது. அந்தப் பகுதியின் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் இருக்கும். நகலில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி’ என்ற ஒரே வாக்கியம் இருந்தால் கவலைப்படுங்கள். எல்லா விபத்து எஃப்.ஐ.ஆரிலும் அச்சடித்ததுபோல் வரும் வரி அது. ‘அதிவேகம்’ என்று சாட்சி சொன்னால் மட்டும் கவனக்குறைவு நிரூபணமாகாது என்று 1998-லேயே ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த லேன், எந்தத் திசை, சிக்னலில் என்ன நிறம், பிரேக் பிடித்த தடம் உண்டா என்று சாட்சி சொல்ல வேண்டும்.

அடுத்தது சிசிடிவி. இதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். சின்னக் கடைகளில் ஒரு வாரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பெரிய இடங்களில் 15 முதல் 30 நாள். கடைக்காரரிடம் அழிக்காமல் வைக்கும்படி எழுதிக் கொடுத்து, அதன் நகலை விசாரணை அதிகாரிக்கும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கேமராவில் காட்டும் நேரம் சரியான நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பத்து நிமிஷம் முன்னே பின்னே ஓடும் கேமராக்கள் நிறைய. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். பதிவை டி.வி.ஆர். என்ற பதிவுக் கருவியிலிருந்து எடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின் கீழான சான்றிதழும் கூட வர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோ நீதிமன்றத்தில் தனியாக நிற்காது.

அந்தப் பதிவிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். சாலையோர மின்கம்பம் இரண்டுக்கும் இடையே டேப் பிடித்து அளக்கிறோம். 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது. முதல் கம்பத்தைக் காரின் முன்சக்கரம் கடந்த படத்திலிருந்து இரண்டாவதைக் கடந்த படம் வரை எண்ணினால் 27 படம். அதாவது 1.08 நொடி, நொடிக்கு 27.8 மீட்டர், மணிக்கு 100 கி.மீ. சென்னைக்குள் காருக்கு 60, பைக்குக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று 2023 நவம்பரிலிருந்து வரம்பு உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: மலிவான கேமராக்கள் நொடிக்கு 12, 15 படம் என்று ஒழுங்கில்லாமல் எடுக்கும். 25 என்று கண்ணை மூடிக்கொண்டு வகுத்தால் குறுக்கு விசாரணையில் கணக்கு நொறுங்கும். பதிவுக் கருவியின் அமைப்பையும் சேர்த்தே எடுத்துவைக்க வேண்டும்.

60-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தை நீதிபதிக்கு இப்படிக் காட்டலாம். ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க 1.5 நொடி, காய்ந்த தார்ச்சாலை என்றால், 60-ல் வரும் கார் சுமார் 45 மீட்டரில் நின்றுவிடும். 100-ல் வருவது அதே 45-வது மீட்டரில் அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும், வேகம் இன்னும் 95-க்கு மேல். ‘திடீர்னு குறுக்கே வந்துட்டாரு சார்’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ரத்தப் பரிசோதனையை உடனே கேளுங்கள், எழுத்தில். 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு ஏறக்குறைய 15 மி.கி. இறங்கும். விபத்தின்போது 90 இருந்தவருக்கு ஐந்து மணி நேரம் கழித்து எடுத்தால் 15 காட்டும். சட்டப்படி குடிக்காதவர் ஆகிவிடுவார். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் அதுவே எதிர்த்தரப்புக்கு வாதம் ஆகும். ஸ்பிரிட் இல்லாத மருந்தால் துடைக்க வேண்டும். சாம்பிள் பாட்டிலில் சோடியம் ஃப்ளோரைடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டிலுக்குள்ளேயே அளவு மாறும். சீல் வைத்து மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போகும் வரை யார் கையிலிருந்து யார் கைக்கு என்று பதிவு இருக்க வேண்டும். 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இருவர் இறந்த வழக்கில், ரத்த மாதிரியையே மாற்றியதாக அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானது நினைவிருக்கும்.

கார் ஸ்டேஷன் வாசலிலிருந்து உரிமையாளரிடம் போவதற்குள் மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) சோதனை முடிந்துவிடும். ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது, இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை’ என்ற வரி அந்த அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் விரிந்த பல கார்களில் கடைசி சில நொடிகளின் வேகமும் பிரேக்கும் பதிவாகியிருக்கும். காரை ரிப்பேருக்கு விட்டால் அந்தப் பாகம் மாறிப்போகும், எனவே அதைக் கைப்பற்றச் சொல்லி முன்பே மனு கொடுங்கள். மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, சம்பவ இட மகஜர் (போலீஸ் பார்வையிட்டு எழுதும் குறிப்பு), வரைபடம் எல்லாவற்றிலும் இடமும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஏ.ஆரில் ‘பைக்கில் இருந்து தவறி விழுந்து’ என்று யாரோ அவசரத்தில் சொன்னது பதிவாகிவிட்டால் வழக்கு பாதி போச்சு.

90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றப்பத்திரிகை அரைகுறையாக வந்தால் மேல்விசாரணை கேட்கலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, சின்னப் பிரிவில் தண்டனை பெற்றாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ‘தண்டனை குறைவு’ என்ற ஒரே காரணத்துக்கு அந்த உரிமை இல்லை, அதை அரசுதான் செய்ய வேண்டும். இது எங்களுக்கும் நியாயமாகப் படவில்லை.

கார்க்காரர் வீட்டில் 5 லட்சம் தருகிறோம், கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

106 சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றம் அல்ல. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் மாஜிஸ்திரேட் வழக்கை மூட முடியாது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுவார்கள், அல்லது நீங்கள் சாட்சிக் கூண்டில் பிறழ்வீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள். பணம் கொடுத்ததைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்பதும் உண்டு. பஞ்சாபில் இருவர் இறந்த வழக்கில், இழப்பீடு கொடுத்தாயிற்று என்று ஒரு வருடச் சிறையை உயர் நீதிமன்றம் 24 நாளாகக் குறைத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி 6 மாதம் ஆக்கியது.

5 லட்சம் எவ்வளவு சின்னத் தொகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இறந்தவருக்கு 32 வயது, சொந்தத் தொழிலில் மாதம் 25,000 வருமானம், நம்பி இருந்தவர்கள் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40% சேர்த்தால் 35,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 26,250. ஆண்டுக்கு 3,15,000. இந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 50,40,000. துணையையும் பாசத்தையும் இழந்ததற்கு ஆளுக்கு ஒரு தொகை, ஈமச்சடங்கு, சொத்திழப்பு எல்லாம் இதற்கு மேல். இதைக் கட்டப் போவது கார்க்காரர் அல்ல, அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டு நிறுவனம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வருமானத்துக்கு வங்கிப் பதிவு, ஜி.எஸ்.டி. தாள், சீட்டுப் பணம் கட்டிய ரசீது எதுவானாலும் சேருங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும், அது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

நான் டிரெய்லர் ஓட்டுகிறேன். மோதினால் நின்றால் ஜனம் அடித்தே கொன்றுவிடும். ஓடினால் 10 வருஷம் என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், மாதவரம்

10 ஆண்டு என்பது 106(2). போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் தப்பி ஓடுபவருக்கான பிரிவு. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தபின், மற்ற பிரிவுகளைக் கொண்டுவந்த மத்திய அரசு இதை மட்டும் நிறுத்திவைத்தது. அதற்காக ஓடலாம் என்று இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134-ன்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாவிட்டால் விலக்கு உண்டு. போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 அபராதம், அல்லது இரண்டும்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வண்டியை ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு 108-க்கும் 112-க்கும் உங்கள் சொந்த நம்பரிலிருந்தே போன் செய்யுங்கள். அந்த அழைப்புப் பதிவுதான் நீங்கள் தப்பி ஓடவில்லை என்பதற்குச் சாட்சி. பிறகு நேரே பக்கத்து ஸ்டேஷனில் போய் உட்காருங்கள். முதலாளி ‘வேற டிரைவரை ஆஜர் பண்ணிக்கலாம்’ என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள், டோல் கேமராவும் கைபேசி டவரும் இருக்கும் காலத்தில் ஒரு கவனக்குறைவு வழக்கு, பொய்ச் சாட்சியம் புனைந்த வழக்காகவும் மாறும்.

பையனுக்கு 17 வயது. டியூஷனுக்கு மட்டும் ஸ்கூட்டர் கொடுக்கிறேன். தவறா?
– வாசகர், அண்ணா நகர்

ஆம். அவன் யாரையாவது இடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவில் உங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 அபராதம், வண்டிக்கு 12 மாதம் பதிவு ரத்து, அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. காப்பீட்டு நிறுவனமும் இறந்தவர் குடும்பத்துக்குக் கட்டிய பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கும். சாவியை வாங்கி வையுங்கள்.

பள்ளத்தில் பைக் சறுக்கி விழுந்தவர் மேல் பின்னால் வந்த வேன் ஏறியது. வேன் டிரைவருக்கு மட்டும்தான் கேஸா?
– வாசகர், மதுரவாயல்

பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. சாலையை விதிப்படி அமைக்காத, பராமரிக்காத அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ பிரிவு உண்டு. அதில் இருப்பது அபராதம் மட்டும், அதிகபட்சம் 1 லட்சம். பள்ளத்தின் ஆழத்தை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அன்றே புகாரில் சேருங்கள். மறுநாள் காலையில் தார் ஊற்றி மூடியிருப்பார்கள்; மற்ற நாட்களில் காணாத சுறுசுறுப்பு அது.

நீங்களே சொல்லுங்கள், எவ்வளவு தண்டனை நியாயம்?
– வாசகி, திருவான்மியூர்

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இந்தச் சாவுகளுக்குக் காரணமானவர்களில் ஒரு நொடி கண்ணாடியைப் பார்க்கத் தவறியவரும் உண்டு, ஈ.சி.ஆரில் பந்தயம் கட்டி ஓட்டியவரும் உண்டு. இருவரையும் ஒரே 106-க்குள் தள்ளுவதுதான் கோளாறு. முன்னவருக்கு 5 ஆண்டு அதிகம், பின்னவருக்குக் குறைவு. பிரிட்டனில் கவனமின்றி ஓட்டிய மரணத்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. ஆபத்தாக ஓட்டிய மரணத்துக்கு 2022 ஜூன் முதல் ஆயுள் வரை. ஜப்பானில் கவனக்குறைவுக்கு 7 ஆண்டு, ஆபத்தான ஓட்டுதலுக்கு 20. இரண்டு நாட்டிலும் ‘ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவிப்பது’ தனிக் குற்றம். இங்கே அது இல்லாததால் 105-க்குத் தாவ வேண்டியிருக்கிறது, அங்கே ‘தெரிந்தே’ என்பதை நிரூபிக்க முடியாமல் மறுபடி 106-ல் விழ வேண்டியிருக்கிறது.

எங்கள் கருத்து: மது, ரேஸ், எதிர்த்திசை, ரெட் சிக்னல் இந்த நான்கில் ஒன்றோடு மரணம் சேர்ந்தால், ஸ்டேஷனில் ஜாமீன் தர முடியாத, 3 ஆண்டுக்குக் குறையாத தனிப் பிரிவு வேண்டும். மற்ற கவனக்குறைவுக்கு நீண்ட சிறையைவிட நீண்ட லைசென்ஸ் தடை பொருத்தம். ஓட்டும் தகுதியைப் பறிக்க நீதிமன்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 20-வது பிரிவில் இன்றைக்கே அதிகாரம் இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை. தூக்கு வேண்டும் என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அவ்வளவு பெரிய தண்டனை என்றால் நீதிபதி சின்னச் சந்தேகத்துக்கும் விடுதலை செய்துவிடுவார், அவ்வளவுதான் நடக்கும்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை. இழப்பீடு உண்டா?
– வாசகர், ரெட்ஹில்ஸ்

உண்டு. மரணத்துக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல் முதல் நடந்த விபத்துகளுக்கு. எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வாரிசு சான்று, வங்கிக் கணக்கு விவரத்தோடு விபத்து நடந்த பகுதியின் ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தாரிடம் மனு கொடுங்கள். நாம் சொல்வது வருவாய்க் கோட்டாட்சியரை; லைசென்ஸ் தரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டாம்.